இரண்டு ஃபைல்களுக்கு நடுவில் ஒரு பெயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் துளிகூட நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது என்றுதான் வெளியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேய் என்று வாழ்க்கையில் நான் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், எனக்கு முன்னால் வேலை பார்த்தவன் கன்னாபின்னாவென்று புரோகிராம் எழுதி வைத்துவிட்டு போன் நம்பரையும் மாற்றிக்கொண்டு போய்விடுவான் பாருங்கள், அதற்கு. நீங்கள் இதைக் கேட்டுவிட்டு, வாணிக்கு வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்த்து மண்டை சூடாகிவிட்டது என்பீர்கள். சொல்லுங்கள். வேறு யாராவது வந்து என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டில் எங்கள் குப்பம். கோட்டைக்குப்பத்தைத் தாண்டி வர வேண்டும், ஊர்ப் பெயர் வேண்டாம், ஆட்களுக்குச் சங்கடம். பொன்னேரியில் காலேஜ் முடித்து, ஆறு வருஷம் தினமும் ரயிலேறி மெட்ராசுக்குப் போய் வெப்சைட் செய்கிற வேலை பார்த்தேன், இப்போது அதே வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறேன். நைனா போன பிறகு நானும் அண்ணன் ஏழுமலையும் மட்டும்தான். அண்ணன் கடலுக்குப் போகிறவன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணன் போன படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. ஏரி கடலோடு சேருகிற அந்த இடத்தில் மணல் மேடு ஏறிப்போய், அலை எந்தப் பக்கம் திருப்பும் என்று சொல்லவே முடியாது. படகில் அண்ணன், தேசப்பன் மாமா, இன்னொருவர் என்று மூன்று பேர். அண்ணன் வடக்குப் பக்கமாகக் கரையேறினான், இன்னொருவர் தெற்கே ஏறினார். தேசப்பன் மாமா அவரோடு இருப்பார் என்று இவனும், இவனோடு இருப்பார் என்று அவரும் நினைத்துக்கொண்டார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து குடித்த உப்புத் தண்ணீரையெல்லாம் வாந்தியெடுத்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டான். பொழுது சாய்ந்த பிறகு தேசப்பன் மாமாவின் சம்சாரம் கன்னியம்மா அக்கா வந்து, "ஏழுமல, உங்க மாமா எங்கடா, இன்னும் வூட்டுக்கு வரல?" என்று வாசலில் நின்று கேட்டபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. நாலு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. தெற்கே கரையேறினவர் கடலையே விட்டுவிட்டு ஏதோ கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். கன்னியம்மா அக்கா அன்றிலிருந்து அண்ணனோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள்.

அதற்கப்புறம்தான் சங்கத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். கடலுக்குப் போகிற ஒவ்வொருத்தர் பெயரும் காலையில் பதிய வேண்டும், திரும்பினால் பதிய வேண்டும். திரும்பியதை அந்த ஆளே சொன்னால் செல்லாது, படகில் கூட இருந்தவர் வாயால் சொல்ல வேண்டும். எல்லோரும் வந்து கணக்கு சைபர் ஆனால்தான் மறுநாள் படகு இறங்கும். இதற்காக டவுனிலிருந்து ஒரு பையனைப் பிடித்து ஒரு வெப் பக்கம் செய்து வாங்கினார்கள். மேலே 'கடலில் உள்ளவர்கள்' என்று ஒரு எண், கீழே பெயர்கள், அவ்வளவுதான். எல்லார் போனிலும் அது இருக்கும். செய்து கொடுத்த பையன் காணாமல் போனதும் அது என் தலையில் விழுந்தது. நீதான் படிச்சவளாச்சே என்று சொல்லியே விழ வைப்பார்கள், உங்களுக்குத் தெரியாததா.

சங்கத்துச் செயலாளர் தனகோடி மாமாதான் கரையில் நின்று பெயர்களைப் பதிவார். ஒரு செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில், நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது, நாலு தடவை போன் அடித்துவிட்டார்.

"இன்னாம்மா வாணி, உன் பொட்டி ஒண்ணுன்னு காட்டுது."

"யாரு மாமா இன்னும் வரல?"

"அல்லாரும் வந்துட்டாங்க. நானே தலைய எண்ணிட்டேன். நீ பேரப் பாரு."

"நீங்களே படிங்களேன்."

"நான் படிக்கமாட்டேன். நீயே பாரு."

பார்த்தேன். கடலில் உள்ளவர்கள்: 1. கீழே, தேசப்பன்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யாரோ விளையாடியிருக்கிறார்கள், அதுவும் இந்தப் பெயரை வைத்து. அப்புறம்தான் ஒன்று உறைத்தது, அந்தப் பக்கமே அவர் போன பிறகு செய்தது. அவர் பெயரை அதில் யாரும் எப்போதும் பதிந்திருக்கவே முடியாது. பழைய தகவல் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை.

எங்கள் தொழிலில் முதலில் கை போகிற இடம் பிரவுசரில் இருக்கிற இன்ஸ்பெக்ட். அந்தப் பெயர் மேல் மவுஸின் வலது பட்டனைத் தட்டினால் ஒரு கட்டம் திறந்து, இந்த வரி எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, அதற்கு நிறம் எங்கிருந்து வருகிறது, எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்றெல்லாம் புட்டுப் புட்டு வைக்கும். நிறத்துக்குச் சொல்லும், எழுத்தின் அளவுக்குச் சொல்லும். ஆனால் இந்தப் பெயரை எழுதியது யார் என்று கேட்டால் கல்லுளிமங்கன் மாதிரி இருக்கும். ஏனென்றால் பக்கத்தைத் தயார் செய்வது எங்கோ இருக்கிற சர்வர். அங்கே பக்கத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்றாக நாற்பதுக்கு மேல் டெம்ப்ளேட் ஃபைல்கள், ஒன்று இன்னொன்றைக் கூப்பிடும், அது வேறொன்றைக் கூப்பிடும், எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாகி, முடிந்த சரக்கு மட்டும்தான் நம்மிடம் வரும். எதை எந்த ஃபைல் போட்டது என்கிற சுவடே அதில் இருக்காது. இதைப் பத்து வருஷமாக ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

தனகோடி மாமாவுக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் வேகு வேகென்று வீட்டுக்கே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் அந்தக் கட்டத்தில் ஏதோ பார்க்கிற வேகத்தில் அந்த வரியை அழித்தேன், அப்படிச் செய்து பார்ப்பது வழக்கம்.

"போச்சு! அழிஞ்சிட்சு!" என்று கத்தினார்.

"இல்ல மாமா, இது என் ஸ்கிரீன்ல மட்டும்தான் அழியும், அங்க சர்வர்ல..."

நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் தெரு முனையில் இருந்தார். பத்து நிமிஷத்தில் ஒரு டஜன் ஆட்களோடு திரும்பி வந்தார். போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இன்னாம்மா இது? அப்டியே கீது. அல்லார் முன்னாடியும் என்ன டுபாக்கூர் ஆக்கிட்டியே."

"நான் சொல்லி முடிக்கவே வுடலியே மாமா நீங்க."

அன்று மாலை வரை நான் செய்ததைச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும், சுருக்கமாகச் சொல்கிறேன். பதிந்த பெயர்களெல்லாம் சேருகிற டேட்டாபேஸில் தேடினேன், அந்தப் பெயர் இல்லை. எல்லா ஃபைலிலும் தேடினேன், இல்லை. நகல் எடுத்து வைத்துக்கொள்கிற கேஷ் எல்லாவற்றையும் காலி செய்தேன். வேறு பிரவுசர், வேறு போன், வேறு நெட், எல்லாவற்றிலும் அதே ஒன்று, அதே தேசப்பன்.

கடைசியில் ஒரு வேலை செய்தேன். நாற்பத்துச் சொச்சம் ஃபைல்களிலும் ஒவ்வொன்றாகப் போய், தொடங்குகிற இடத்தில் 'இந்த ஃபைல் தொடங்குகிறது' என்றும் முடிகிற இடத்தில் 'இந்த ஃபைல் முடிகிறது' என்றும் அதனதன் பெயரோடு ஒரு குறிப்பு எழுதினேன். பக்கத்தில் வெளியே தெரியாது, ஆனால் பக்கத்தின் உள் எழுத்தான சோர்ஸைத் திறந்தால் எந்த வரி எந்த ஃபைலுக்குள் இருக்கிறது என்று வேலி போட்ட மாதிரி தெரியும். பிரவுசரை நம்பாமல் இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று மணி நேரம் முதுகு ஒடிந்தது. திறந்து பார்த்தேன்.

பெயர்ப் பட்டியல் ஃபைல் முடிகிறது. அதற்கு அடுத்த வரியில் தேசப்பன். அதற்கு அடுத்த வரியில், அடிப்பகுதி ஃபைல் தொடங்குகிறது.

அதாவது அவர் யார் வேலிக்குள்ளும் இல்லை. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிற இடைவெளியில் இருந்தார். அந்த இடத்தில் எழுதுவதற்கு ஆளே கிடையாது. சரி, இந்த இரண்டு ஃபைலில்தான் கோளாறு என்று இரண்டையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன். மேலே, தலைப்பு ஃபைலுக்கும் தேதி ஃபைலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது. அதைக் கழற்றினால் வேறொரு இடுக்கு. எங்கே போனாலும் இடுக்கில்தான். எனக்குப் பயம் வந்ததா என்று கேட்டால், இல்லை, லேப்டாப்பைத் தூக்கி ஏரியில் போடலாமா என்றுதான் வந்தது.

புதன்கிழமை ஒரு படகும் இறங்கவில்லை. கணக்கு ஒன்று என்று காட்டும்போது எப்படிப் போவது என்று எல்லோரும் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். என் ஜன்னலைத் தாண்டுகிற ஒவ்வொருத்தரும் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார்கள். "இன்னும் முடியலியா" என்று ஒருத்தர், "எங்க மச்சான் பையன் செல்போன் கடை வெச்சிருக்கான், கூப்புடட்டா" என்று ஒருத்தர். பூசாரியைக் கூப்பிடலாம் என்று ஒருத்தர் ஆரம்பித்தார், நான் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

சர்வரை வாடகைக்கு விடுகிற கம்பெனிக்குப் போன் போட்டேன். அரை மணி நேரம் பாட்டு கேட்க வைத்துவிட்டு ஒரு தம்பி வந்தான்.

"மேடம், பேஜ்ல ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் குடுத்துப் பாருங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். "தம்பி, இன்ஸ்பெக்ட்ல பிரவுசருக்கு வந்து சேர்ந்ததுதான் தெரியும். உங்க சர்வர் உள்ள இன்னா பண்ணுச்சுன்னு அதுல தெரியாது. நீங்க உங்க பக்கம் திறந்து பாருங்க."

பார்த்தான். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றான். பக்கத்தையும் திறந்தான். "ஒரு பேரு இருக்கே மேடம். தேசப்பன். அவர்தான் என்ட்ரி போட்டிருப்பாரு. அவரையே ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

நான் போனை வைத்துவிட்டேன்.

இதற்கு மேல் நடந்ததை நம்பினால் நம்புங்கள். தனகோடி மாமா வந்து, "அந்தப் பக்கத்தையே மூடிடும்மா, ஜனங்க பார்க்காம இருந்தா போதும்" என்றார். சரி என்று மொத்த வேலையையும் ஓரம்கட்டினேன். டெம்ப்ளேட் கிடையாது, டேட்டாபேஸ் கிடையாது, ஒன்றும் கிடையாது, வெறும் ஒரு ஃபைல், அதில் ஒரே ஒரு வரி, 'பக்கம் பராமரிப்பில் உள்ளது.' என் கையால் தட்டச்சு செய்தது. ஏற்றிவிட்டு, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திறந்தேன்.

பக்கம் பராமரிப்பில் உள்ளது.

தேசப்பன்.

சர்வரில் இருக்கிற ஃபைலைத் திறந்தால் ஒரு வரி. பிரவுசரில் வந்தால் இரண்டு வரி. மாமா செருப்பைத் தேடினார். காலில்தான் போட்டிருந்தார். நான் அந்தப் பக்கத்தில் இன்ஸ்பெக்ட் போட்டேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல். அது தன் வழக்கப்படி அந்தப் பெயருக்கு என்ன நிறம், எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று ஒழுங்காகச் சொன்னது. என் வாழ்க்கையில் அந்தக் கட்டத்தின் மேல் அவ்வளவு வெறுப்பு வந்ததே இல்லை. அப்போதுதான் லேசாகப் பயம் வந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமையும் படகு இறங்கவில்லை. அண்ணன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெயர் வந்ததிலிருந்து உள் அறையில் வலையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு தடவை என்னிடம், "வாணி, அத்த நான் எழுதலம்மா" என்றான். நீதான் எழுதினாய் என்று யார் சொன்னது என்று எரிந்து விழுந்தேன். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே கோபம் வருகிறது.

அன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும், வாசலில் கன்னியம்மா அக்கா வந்து நின்றாள். மாமா போன பிறகு அவள் மற்றப் பெண்களோடு ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறாள். அப்படியே எழுந்து வந்திருக்கிறாள், புடவை இடுப்பு வரை ஈரம், கையில் ஓலைக்கூடை. அவளிடம் நல்ல போன் கிடையாது. ஏரியில்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டரை வருஷத்துக்கப்புறம் எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கிறாள்.

"எங்க, காட்டு."

மறைக்க வழியில்லை. காட்டினேன். அவளுக்குப் பெரிய படிப்பெல்லாம் கிடையாது, ஆனால் அந்தப் பெயரின் எழுத்துகள் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள்.

"இது எங்கேர்ந்து வருது?"

"தெரியல அக்கா."

"இதுக்குத்தான நீ படிச்ச?"

"அக்கா, வந்து சேர்றது மட்டும்தான் நமக்குத் தெரியும். அனுப்புற இடத்துல யாரு வெச்சாங்கன்னு இதப் பாத்து சொல்ல முடியாது."

அவள் கூடைக்குள் கைவிட்டு ஒரு இறாலை எடுத்து என் மேஜை மேலேயே வைத்தாள். "இத்தப் பாத்தா நான் சொல்லுவேன். மேக்கால சேத்துல புடிச்சா ஓடு கருத்திருக்கும். முகத்துவாரத்தாண்ட புடிச்சா கண்ணாடி மாதிரி வெளுத்திருக்கும். உன் பொட்டியில அது கூட இல்லியா?"

"உன் இறால்ல சேறு ஒட்டியிருக்கு அக்கா. இது கழுவித்தான் வரும். ஒரு சுவடும் இருக்காது."

"அப்போ கழுவுறவங்களக் கேளு."

"கேட்டேனே. அவங்க அவரையே கேக்கச் சொல்றாங்க." வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா முகத்தில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. "நீ மூணு நாளா இன்னா பண்ற?" என்றாள்.

"அழிக்கப் பாக்கறேன் அக்கா. முடியல."

"அழிக்கிற பேரா அது? ஏண்டி, வரலன்னு எழுதியிருக்குறத அழிச்சா வந்துட்டதா ஆயிடுமா? வந்துட்டாருன்னு போடு."

எனக்குத் தலையே சுற்றியது. "போனதாவே பதிவு இல்ல அக்கா. போகாதவர எப்படி வந்துட்டாருன்னு போடறது? அதுல வழியே இல்ல."

"போனாரா இல்லியா?"

"போனாரு."

"அப்போ மொதல்ல அத்தப் போடு."

சொல்லிவிட்டு உள் அறைப் பக்கம் திரும்பினாள். "ஏழுமல."

அவன் எழுந்து வரவில்லை.

"ஏழுமல, உன்னத்தான். கூட இருந்தவன் வாயால சொல்லணும்னு சட்டம் போட்டீங்களே. வா. வந்து சொல்லு."

அண்ணன் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இதற்குள் வாசலில் தனகோடி மாமாவும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்துவிட்டார்கள். நான் பழைய பக்கத்தைத் திரும்ப ஏற்றி, டேட்டாபேஸில் புதிதாக ஒரு வரிசையைத் திறந்தேன். பெயர் தேசப்பன். தேதி, படகு கவிழ்ந்த அந்த நாள். போனவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்று இரண்டு கட்டங்கள். முட்டாள்தனம் என்று எனக்கே தெரிந்தது. இல்லாத கோளாறுக்கு இல்லாத மருந்து. ஆனால் அக்கா முன்னால் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"தேசப்பன் மாமா எங்களோட கடலுக்குப் போனாரு" என்றான் அண்ணன். தரையைப் பார்த்துத்தான் சொன்னான். போனவர், 1 என்று தட்டினேன்.

"ம். அப்புறம்?" என்றாள் அக்கா.

அவனுக்கு வரவில்லை. அக்கா அவன் பக்கத்தில் போய், சேறு காய்ந்த கையால் அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"அன்னிக்கு நீ சொல்லல. நானும் கேக்க லேட்டாயிட்சு. இன்னிக்கு சொல்லுடா."

"தேசப்பன் மாமா..." என்றான். "தேசப்பன் மாமா வந்துட்டாரு." சொல்லிவிட்டு அப்படியே சரிந்து உட்கார்ந்து, இரண்டரை வருஷமாக அழாத அழுகையெல்லாம் அழுதான். நான் வந்தவர் கட்டத்தில் 1 என்று தட்டிச் சேமித்தேன். எனக்குத் திரை சரியாகத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். ஆனால் தட்டியது 1தான், அது நிச்சயம்.

பக்கத்தைத் திரும்பத் திறந்தேன்.

கடலில் உள்ளவர்கள்: 0.

கீழே ஒன்றும் இல்லை. சோர்ஸைத் திறந்தேன். பட்டியல் ஃபைல் முடிகிறது, அடிப்பகுதி ஃபைல் தொடங்குகிறது, நடுவில் சுத்தமாக இருந்தது.

அக்கா அழவில்லை. "அவ்ளோதான" என்றாள். மேஜை மேலிருந்த இறாலை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டாள். "வெயில்ல கெட்டுடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இப்போது அண்ணனிடம் பேசுகிறாள். போன வாரம் நண்டு கொடுத்தனுப்பினாள்.

என் எரிச்சல் உங்களுக்குப் புரிகிறதா? எங்கள் தொழிலில் கோளாறு வருவதைவிடக் கேவலம், ஏன் சரியானது என்று தெரியாமல் சரியாவது. அந்த வரிசையை ஒரு தடவை அழித்துப் பார், பெயர் திரும்ப வருகிறதா என்று சோதி, அதுதான் முறை. எனக்குக் கை போனது. ஆனால் வெளியே படகு மோட்டார்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள், மூன்று நாளைக்கப்புறம் கரையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அழிக்கவில்லை. மறுநாள் விடியும் முன்பே எல்லாப் படகும் இறங்கியது, எல்லாரும் நல்லபடியாகத் திரும்பினார்கள்.

கூட வேலை பார்த்த இரண்டு பேரிடம் பிற்பாடு சொன்னேன். சர்வருக்கும் பிரவுசருக்கும் நடுவில் எவனாவது புகுந்து வரியைச் சேர்த்திருப்பான் என்று ஒருத்தர் சொன்னார். இருக்கலாம். நடுவில் புகுந்து வேலை செய்ய முடியும், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் குப்பத்துப் பக்கத்தில் புகுந்து, செத்துப்போன ஒருத்தர் பெயரை எழுதி, அவர் வந்துவிட்டார் என்று சொன்னதும் எடுத்துக்கொண்டு போகிறவன் யார் என்று கேட்டேன். அவருக்கு மீட்டிங் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நானும் எப்படியாவது மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஒன்றரை மாதம் கழித்து, இந்தக் குப்பை ஃபைல்களே வேண்டாம் என்று முழுப் பக்கத்தையும் நானே புதிதாக எழுதினேன். எழுதி முடித்து, பழைய டேட்டாபேஸிலிருந்து வரிசைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மாற்றிக்கொண்டிருந்தேன். பட்டப்பகல், பதினொரு மணி, பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தேசப்பன் மாமாவின் வரிசை வந்தது.

போனவர், 1. வந்தவர், 2.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசியாக யார் எப்போது மாற்றினார்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் அந்த வியாழக்கிழமை மத்தியானம் நான் சேமித்த நேரம்தான் இருக்கிறது. அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. ஒருத்தர் கூடுதலாக வந்திருந்தால் பக்கத்தின் கணக்கு அன்றிலிருந்து ஒன்று குறைவாகக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. தினமும் ஒழுங்காகச் சைபரில்தான் முடிந்திருக்கிறது. கணக்குப் போடுகிற அந்த நாலு வரி புரோகிராமை எத்தனையோ தடவை படித்துவிட்டேன், அதில் ஒரு தப்பும் இல்லை.

அண்ணனிடம் சொல்லவில்லை. இப்போதுதான் சாப்பிடவும் தூங்கவும் ஆரம்பித்திருக்கிறான். அக்காவிடம் எப்படிச் சொல்வது? மற்ற எல்லா வரிசையையும் புதிய பக்கத்துக்கு மாற்றிவிட்டேன், இந்த ஒன்றை மட்டும் பழைய இடத்திலேயே விட்டிருக்கிறேன். இரண்டை ஒன்றாகத் திருத்தலாம், ஒரு நொடி வேலை. திருத்தினால் மறுபடி கடலில் ஒருத்தர் என்று காட்டிவிடுமோ என்று, நம்பிக்கையே இல்லாத நான், மாதக்கணக்கில் கை வைக்காமல் இருக்கிறேன்.

அன்றைக்கு அண்ணன் ஒருத்தர் பெயரைத்தான் சொன்னான். அந்தக் கடலில் எங்கள் குப்பத்தில் காணாமல் போனவர் வேறு யாரும் கிடையாது, எல்லா வீட்டிலும் விசாரித்துவிட்டேன். இன்றைக்குக் காலையில்கூடத் திறந்து பார்த்தேன். போனவர் ஒன்று. வந்தவர் இரண்டு.